துண்டு போட்ட சொற்கள்

ஊஞ்சக்காட்டூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு திங்கட்கிழமை காலை, பிளஸ் டூ வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்த கடினமான ஆங்கிலச் சொற்கள் அத்தனையும் பலகையை விட்டு இறங்கி மைதானத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. ஏன் இறங்கின என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். வருடக் கணக்காக ஒரே இடத்தில் நின்றால் யாருக்குத்தான் கால் கடுக்காது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருக்கவில்லை, ஏனென்றால் அவை இறங்கியது ஒரு தொல்லை என்றால் இறங்கிய சொற்களை வைத்துக்கொண்டு இந்த ஊர் அடித்த கூத்து ஆயிரம் தொல்லை.

மேலிடத்து உத்தரவு அது. பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளத்தை உயர்த்த வேண்டும், தினமும் புதுச் சொற்கள் பலகையில் ஏற வேண்டும், ஏறியது எதுவும் அழியக் கூடாது. நானும் எழுதினேன். பிள்ளைகளும் பார்த்து எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு ஸ்பெல்லிங்கோடும் அர்த்தத்தோடும் ஒப்பித்தார்கள், மதிய மணி அடிப்பதற்குள் சுத்தமாக மறந்தார்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுடா என்று ஒருவனை எழுப்பினால், "டீச்சர், அது நேத்து வார்த்தைங்க" என்பான். நேற்றுச் சாப்பிட்டாயே, இன்றைக்குச் சோறு வேண்டாமா என்று கத்துவேன், வகுப்பே சிரிக்கும். கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது, வெயில் வந்தது, மழை வந்தது, ஒரு செட் போய் அடுத்த செட் வந்தது, சொற்கள் நின்றுகொண்டே இருந்தன.

இறங்கிய பிறகு ஒவ்வொரு சொல்லும் கவிழ்த்த கூடை அளவுக்கு, முழங்கால் உயரத்தில், சாக்பீஸ் வெள்ளையில், தன் எழுத்துகளைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, வேப்பமரத்திலிருந்து கொடிக்கம்பம் வரை வரிசையாக அமர்ந்திருந்தது. பலகையில் அவை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பாடப்புத்தகத்திலும் அகராதியிலும் அந்தந்த இடம் மட்டும் வெள்ளை. என் தலைக்குள்ளும் வெள்ளை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எம்.ஏ., எம்.ஃபில். படித்தவள், மைதானத்தில் குனிந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நிமிர்ந்தால் போய்விடும்.

அவற்றின்மேல் முதலில் உட்கார்ந்தவர் எங்கள் தலைமையாசிரியர் நாச்சிமுத்து சார். தெரிந்து உட்காரவில்லை. கனத்த உடம்பு, கல்வி அலுவலகத்திலிருந்து நீளமாக ஒரு போன், நின்று பேச முடியவில்லை, பக்கத்தில் ஒன்று இருந்தது, உட்கார்ந்தார். பேசி முடித்து எழுந்தவர் நேராக ஆசிரியர் அறைக்கு வந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்து, "நீங்கெல்லாம் ஒரே லெதார்ஜிக்" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து குட் மார்னிங் தவிர வேறு ஆங்கிலம் வந்து யாரும் கேட்டதில்லை. மந்தம், அசமந்தம், தூங்குமூஞ்சித்தனம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் நன்றாகவே உறைத்தது. உடற்கல்வி ஆசிரியர் ஓடிப்போய் அதே சொல்லின்மேல் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் வந்தது. கணக்கு டீச்சர் உட்கார்ந்தார், அவருக்கும் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்து எழுந்தும் சொல் ஒரு துளி தேயவில்லை.

மறுநாள் காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்துப் பேசினேன். இது கடைசிப் பந்திக்குள் தீர்ந்துபோகும் பாயசம் இல்லை, எத்தனை பேர் உட்கார்ந்தாலும் குறையாது, ஒவ்வொருத்தராக வந்து உட்காருங்கள், வந்ததும் எழுந்து அடுத்தவருக்கு வழி விடுங்கள், ஒரே வாரத்தில் பள்ளி முழுக்க எல்லாச் சொல்லையும் கற்றுவிடலாம் என்றேன். ஆயுளில் முதல் முறையாக என் பேச்சைப் பள்ளியும், ஒலிபெருக்கி எட்டிய ஊரும் கவனித்துக் கேட்டன. அன்று மாலை சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் டவுனுக்குப் போக ஒரே ஒரு பஸ். அது வந்து வளைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போகும், கைக்குட்டை போகும், சாப்பாட்டுக் கூடை போகும், ஒருமுறை ஒரு கைக்குழந்தையே போயிருக்கிறது. படி வழியாக ஏறி இடம் தேடுகிறவன் ஏமாளி. துண்டு கிடக்கும் சீட்டில் எவரும் உட்காரமாட்டார்கள். போட்டவர் "ஆள் வருது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. டவுன் போய்ச் சேரும்வரை அந்த ஆள் வராமலே, துண்டு மட்டும் ஜம்மென்று உட்கார்ந்து போன பயணங்களும் உண்டு. பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

புதன்கிழமை காலை நான் பள்ளிக்குள் நுழைந்தபோது மைதானத்தில் ஒரு சொல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றின்மேலும் துண்டு. ஈரிழைத் துண்டு, பூப்போட்ட துண்டு, கட்சிக் கரை போட்ட துண்டு, கோழித்தீவனச் சாக்கு, ஒன்றின்மேல் ஒற்றைச் செருப்பு. போட்டவர்கள் தத்தம் துண்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றார்கள்.

"உக்காருங்களேன்! யாராச்சும் உக்காந்து படிச்சுக்கங்களேன்!" என்று கெஞ்சினேன்.

"ஆள் வருதுங் டீச்சர்" என்றார் லாரி பாடி கட்டும் சென்னியப்பன்.

"யாரு வர்றா?"

"மச்சினன் பையன். ஓசூர்ல இருக்கறான். தீவாளிக்கு வருவான்."

பக்கத்துத் துண்டுக்காரிக்கு இன்னும் பெண்ணே பார்க்காத மகனின் வரப்போகும் மனைவி வரவேண்டியிருந்தது. அதற்கடுத்த துண்டுக்காரருக்கு யார் வரப்போகிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை, எல்லோரும் போட்டதால் அவரும் போட்டார். இதற்கெல்லாம் நான் தலையில் அடித்துக்கொண்டேன், உண்மையாகவே அடித்துக்கொண்டேன். நாச்சிமுத்து சார் இவர்களை விரட்ட யோசித்து, வெளி நாற்காலி எதுவும் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். கால் வலித்தால் போய்விடுவார்கள் என்று அவர் கணக்கு. அவர்கள் போகவில்லை, நின்றார்கள். உட்கார இத்தனை இருந்தும் அத்தனை பேரும் நின்றார்கள்.

ஊர் இதற்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீளமான சொல்லுக்கு மதிப்பு ஏறியது, சின்னச் சொல்லை யாரும் சீண்டவில்லை; மூன்றெழுத்துச் சொல் ஒன்றின்மேல் தெரியாமல் துண்டு போட்ட ஒருவர், ஊர் சிரிக்கிறதே என்று அதைச் சுருட்டிக்கொண்டு போனார். என் மாணவர்களுக்கு இடைவேளையில் உட்காரக் கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்ட சொற்கள்தான். தரகர்கள் பெண்ணுக்கு நகை இவ்வளவு, நிலம் இவ்வளவு, சொல் இரண்டு என்று பேசத் தொடங்கினார்கள். ஒரு காதுகுத்தில் தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளம் வைத்து மைதானத்துக்கே வந்து, தன் துண்டை எடுத்துவிட்டு, மடியில் உட்கார வைக்க வேண்டிய குழந்தையைச் சொல்லின்மேல் உட்கார வைத்துக் காது குத்தினார். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டே "பெர்ப்பென்டிகுலர்" என்று ஆரம்பிக்க, தாய் பாய்ந்து அதன் வாயைப் பொத்தினாள்.

வாயைப் பொத்தியதற்குக் காரணம் உண்டு. சொல்லை வெளியே சொன்னால் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆகவே அங்கொருவர் இங்கொருவராக ஆள் வந்து உட்கார்ந்து சொல்லைப் பெற்றவர்களும் உதட்டை இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள், கல்யாணத்துக்கு, வேலைக்கு, நல்ல நாளுக்கு என்று அதைப் பத்திரமாக உள்ளே வைத்தார்கள். எழுந்த இடத்தில் மறுபடி துண்டைப் போட்டார்கள், சின்னவனுக்கு இருக்கட்டும் என்று. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் நடந்ததையெல்லாம் முகத்தில் சலனமில்லாமல் கேட்டுக்கொண்டார். இவர்களை அப்புறப்படுத்துவார் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்க, காலியாக ஏதும் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டு, கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் தன் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கோபிகா விஷயத்தைத்தான் அப்படி விட முடியவில்லை.

கோபிகா என் பிளஸ் டூ மாணவி. அம்மா ருக்குமணி முட்டைக் குடோனில் வேலை, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்துக் கெட்டதைக் கழித்துப் போடும் வேலை. அப்பா லாரியில் போனவர், போனவர்தான். சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் படிப்பும் விடுதியும் இலவசமாகத் தரும் இடம் ஒன்றுக்குக் கோபிகா விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் சென்னை, கிடைக்காவிட்டால் குடோனில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி, சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். சொற்கள் இறங்கியதற்கு முந்தைய சனிக்கிழமை அந்தக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் போனில் அவளை ஆங்கிலத்தில் பேட்டி எடுத்தார். உன் அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். கோபிகா ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். மறுமுனையில் அந்த அம்மையார் சிரித்து, "நேரில் வா, அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசலாம், ஏன் அதைச் சொன்னாய் என்று நீ எனக்கு விளக்க வேண்டும்" என்றாராம்.

அது என் பலகைச் சொல். என் சர்வீஸிலேயே என் பலகைச் சொல் ஒன்றை, யாரும் எழுப்பி நிறுத்திக் கேட்காமல், தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டதற்காக எடுத்துச் சொன்ன ஒரே பிள்ளை அவள். அந்தச் சொல்தான் திங்கட்கிழமை இறங்கிப் போனது. அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை, எந்தத் துண்டுக்கு அடியில் எது இருக்கிறது என்று துண்டு போட்டவர்களுக்கே மறந்துவிட்டது. நேர்காணல் சொற்கள் இறங்கிய மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை காலை; அதுவும் நெருங்கிவிட்டது. வியாழன் மாலை பஸ் ஏற வேண்டும்.

"வேற சொல்லு கண்ணு. ஸ்ட்ராங்னு சொல்லேன், பிரேவ்னு சொல்லேன்" என்றேன்.

"அதில்லைங் டீச்சர். எங்கம்மா ஸ்ட்ராங் எல்லாம் இல்லைங். அந்த வார்த்தைதானுங் எங்கம்மா" என்றாள். அவள் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. அன்றைக்கு மைதானத்தில் இறங்கி ஒவ்வொரு துண்டாகப் போய், இந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் உட்கார விடுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: பாவாயக்கா விட்டால் நாங்களும் விடுகிறோம்.

பாவாயி பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருப்பவர், ஒருமுறை வார்டு மெம்பராகவும் இருந்தவர், ஊரில் அவர் போட்டதுதான் கோடு. வேப்பமரத்தடியில் நல்ல நிழலில் இருந்த சொல்லை அவர் பிடித்திருந்தார். அவருக்கு வரவேண்டிய ஆள், திருப்பூரில் மருமகள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தது.

"டீச்சர், நீங்க படிச்சவிங்க, உங்களுக்கு ஊரு நாயம் தெரியாது" என்றார் என்னிடம். "இன்னைக்கு இவளுக்கு விட்டா நாளைக்கு நாலு பேரு வருவாங்க. அப்பறம் என்ற பேரன் வந்து எங்க உக்காருவான்?"

"அவன் பிறந்து, தவழ்ந்து, நடந்து வர்றதுக்குள்ள நாப்பது பேர் உக்காந்து எந்திரிச்சாலும் அது அப்படியேதான் இருக்கும். குறையாதுங்க. எத்தனை தடவை சொல்றது!"

"குறையாதுன்னா எல்லாரும் எதுக்குத் துண்டு போட்டிருக்கறாங்க?" என்று கேட்டார் பாவாயி. நான் தோற்றுப்போய் வகுப்புக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை முதல் மணி அடிக்கும்போது ருக்குமணி வந்தாள். குடோனில் லீவு சொல்லிவிட்டு, கோபிகாவின் பையையும் தூக்கிக்கொண்டு வந்து, மகளை மரத்தின் அந்தப்பக்கம் நிறுத்திவிட்டுப் பாவாயிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க்கா, என்ற புள்ள செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிருவா. உங்க ஆள் வந்தா எந்திரிச்சுக்குவா."

"ஆவாது."

"சரிங்க்கா" என்றாள் ருக்குமணி, நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க்கா, என்ற புள்ள செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிருவா. உங்க ஆள் வந்தா எந்திரிச்சுக்குவா" என்றாள். அதே சொல், அதே குரல், கோபமில்லை, கெஞ்சலும் இல்லை.

பாவாயி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். ருக்குமணி சுற்றிக்கொண்டு அந்தப்பக்கம் போய்க் கேட்டாள். பாவாயிக்குக் கடையிலிருந்து டீ வந்தது. டம்ளரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள், காலி டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு கேட்டாள். பாவாயி அவள் புருஷனைத் திட்டினார், அவள் பரம்பரையைத் திட்டினார், பொட்டப்பிள்ளைக்குச் சென்னையில் என்ன வேலை என்று திட்டினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு முடித்து, "அதெல்லாஞ் செரிதானுங்க்கா. புள்ள செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிருவா" என்றாள். இடைவேளை மணி அடித்தது, பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், போனார்கள். சத்துணவு மணி அடித்தது, தட்டோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். துண்டுக்காரர்கள் தங்கள் காவலை மறந்து இந்தப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பெடுத்துக்கொண்டிருந்த என் காதிலும் ஜன்னல் வழியாக அது விழுந்துகொண்டே இருந்தது. கேட்கிற காரியம் நியாயமானது, கேட்கிறவள்மேல் எனக்கு உயிர், ஆனாலும் மதியத்துக்கு மேல் எனக்கே எரிச்சலாகிவிட்டது. கொஞ்சம் நிறுத்தேன் ருக்குமணி என்று கத்தலாமா என்றிருந்தது.

கடைசிப் பீரியடுக்கு மணி அடித்தபோது நான் மைதானத்துக்கு வந்துவிட்டேன். பாவாயியின் கால்கள் வீங்கிப் போயிருந்தன. முகம் வெளுத்திருந்தது. ருக்குமணி காலையில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

"ஏனுங்க்கா, என்ற புள்ள..."

"அட சாமீ!" என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, நிற்க மாட்டாமல், துண்டுக்கு மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார் பாவாயி. உட்கார்ந்த மாத்திரத்தில் அவர் வாயிலிருந்து ஆவேசமாக வந்தது: "என்ன ஒரு ரெலென்ட்லெஸ் பொம்பளைடி நீயி! எத்தனை வஞ்சாலும் காதுல ஏத்தாம, ஓயாம, சளைக்காம... இவளாட்ட ஒரு ரெலென்ட்லெஸ்ஸ நான் பொறந்ததுலருந்து பாத்ததில்லையே, ஆத்தா!"

மைதானம் முழுக்க அது கேட்டது. உடனே என் வாய்க்குள் அந்தச் சொல் திரும்பி வந்து உட்கார்ந்தது. கணக்கு டீச்சரின் உதடு அசைந்தது, சென்னியப்பனின் உதடு அசைந்தது, விளையாட்டுப் பீரியடுக்கு வந்திருந்த ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட ருக்குமணியைப் பார்த்து அதை முணுமுணுத்தன. ஒருவருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அர்த்தம் காலையிலிருந்து அவர்கள் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. எத்தனை வருடம் பலகையில் எழுதி, ஒப்பிக்க வைத்து, முட்டி போட வைத்து, என் தொண்டையைக் கிழித்துக்கொண்டேன்!

"டீச்சர்!" மரத்தின் அந்தப்பக்கத்திலிருந்து கோபிகா ஓடி வந்தாள். "அதுதானுங் டீச்சர்! ரெலென்ட்லெஸ்! அதுதானுங்!"

ருக்குமணி மகளையும் பாவாயியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க என்னைய? கெட்ட வார்த்தையா?"

"இல்லம்மா." கோபிகா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "போன்ல அந்த மேடத்துகிட்ட உன்னையப் பத்தி நானும் அதேதாம்மா சொன்னேன்."

"பெத்தவளைப் பத்தி மெட்ராஸ் வரைக்கும் இப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறியா?" என்றாள் ருக்குமணி. பையை எடுத்து மகள் தோளில் மாட்டினாள், ரிப்பனை இழுத்துச் சரிசெய்தாள். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருக்கிறது, பஸ் ஸ்டாப்புக்குப் போவோம் வா என்று நான்தான் கூப்பிட்டேன்.

"அரைமணி இருக்குதுங்களா?" என்றாள் ருக்குமணி. "நேர்ல வேற ஒரு வார்த்தையக் கேட்டுப்போட்டாங்கன்னா என்ன பண்றதுங் டீச்சர்?"

சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையில் அடுத்த துண்டை நோக்கி நடந்தாள். அது சென்னியப்பனுடையது. அவள் வருவதை அவர் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவசர அவசரமாகத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காரு கண்ணு" என்றார் கோபிகாவிடம். அவருக்கு அடுத்தவர் தன் துண்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்.